ஒரு மேசை தந்திருக்கிறார்கள், மாமி

சத்தம் போட்டே அன்பு காட்டிய என் பிலோமினா மாமிக்கு,

எங்கள் பிரதேச செயலகக் கந்தோரில் ஒரு மேசை தந்திருக்கிறார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "விசயத்துக்கு வா பிள்ளை" என்று பாதியில் மறிப்பீர்கள். திங்களும் புதனும், இந்தியாவிலிருந்தோ வேறு இடங்களிலிருந்தோ திரும்பி வந்து பத்திரங்களுக்கு அலைகிறவர்களுக்காக மட்டும் ஒரு மேசை. அதற்குப் பின்னால் இருக்கப்போவது நான். ஆறு மாதம் பார்த்துவிட்டுத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்வார்களாம்.

நீங்கள் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். உங்கள் படத்தோடு பிறந்த திகதியையும் இறந்த திகதியையும் போட்டுப் பத்திரிகையில் ஒரு கட்டம் கொடுப்போம் என்று அப்பா சொன்னார். பிறந்த திகதி உங்களுக்கே சரியாகத் தெரியாதே. அதனால் கட்டத்துக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை நான் மறக்கவில்லை. வாசிக்கத் தெரிந்த சிலரும் இதைக் கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் துணிவு வேண்டும், பிறகு சொல்கிறேன்.

நாங்கள் வந்து இறங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். யுத்தம் முடிந்து சில வருடங்கள். தமிழ்நாட்டு முகாமில் பிறந்து வளர்ந்த எனக்குப் பதினாறு வயது, தம்பி அன்ரனுக்குப் பத்து. அம்மாவும் அப்பாவும் இந்த மண்ணை விட்டுப் போனபோது கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பேசாலைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கினோம். நல்ல வெயில். வருகிற நாளை ஊர் ஆள் ஒருவர் சொல்லியிருக்க, நீங்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றீர்கள்.

"அக்கா" என்றார் அப்பா. நீங்கள் அவர் பக்கம் திரும்பவில்லை. எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இவ்வளவு சாமானோ? அங்க கடை வச்சிருந்தனீங்களோ?" என்று கேட்டீர்கள். பிறகு இருந்ததிலேயே பாரமான பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். நாங்கள் பின்னால் ஓடி வந்தோம்.

இரண்டறை வீட்டில் கட்டில் கிடந்த அறையை எங்களுக்குத் தந்தீர்கள். கருவாடு காயப்போட்டு விற்ற வருமானத்தில் ஒரு ஆளுக்கு ஆக்கிய உலையில் ஐந்து பேருக்கு ஆக்கினீர்கள். ஆனால் எட்டு மாதம் உங்கள் தம்பியோடு ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. "உன்ட அப்பாவைச் சாப்பிடச் சொல்லு." "அவரிட்டச் சொல்லு, கூரையில ஓட்டை." அவர் பக்கத்திலேயே இருப்பார். நான் நடுவில் நின்று உங்கள் வார்த்தையை அவருக்கும் அவருடைய மௌனத்தை உங்களுக்கும் கொண்டுபோவேன். தன்னைத் தூக்கி வளர்த்த அக்காவிடம் ஒரு சொல் சொல்லாமல் படகேறினேனே, அந்தக் கோபம் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக் கவலைப்படுவார்.

பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பு. நான் "ஸ்கேல்" என்பேன், அவர்கள் அடிமட்டம் என்பார்கள். நான் "சேர்" என்பேன், அவர்களுக்கு அது கதிரை. வரலாற்றுப் பாடத்தில் வருகிற எந்த அரசனையும் எனக்குத் தெரியாது. ஒருநாள் அழுதுகொண்டு வந்து உங்கள் கருவாட்டுப் பரணுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அங்க சிலோன்காரி எண்டாங்க. இங்க இந்தியாக்காரி எங்கிறாங்க. நான் எந்த ஊர்க்காரி மாமி?"

நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்ப இந்தக் கருவாட்டைப் பிரட்டு. பிரட்டி முடிச்சாப் பேசாலைக்காரி."

அன்றைக்கு இரண்டு பரண் பிரட்டினேன். கை நாறினது மூன்று நாளைக்குப் போகவில்லை.

சிரிப்புக்குப் பழகிவிடலாம், பத்திரங்களுக்குப் பழக முடியவில்லை. அங்கே பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அந்த மதிப்பெண் பட்டியலை வைத்து இங்கே உயர்தர வகுப்பில் சேர முடியாது என்றார்கள். சரி, அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சையை முதலிலிருந்து எழுதுகிறேன் என்றேன். அதற்கு அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குக் குடியுரிமைச் சான்றிதழ் வேண்டும். நான் இந்தியாவில் பிறந்தவள் என்பதால் அதற்கு அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அப்பா பிறந்த வருடத்துப் பதிவுப் புத்தகமோ யுத்த காலத்தில் அழிந்துபோயிருந்தது. பரீட்சைக்கு விண்ணப்பிக்க நாலு மாதம் இருந்தது. அதிபர் நல்ல மனிசி. வகுப்பில் இருக்க விட்டார். "ஆனா அட்டை இல்லாட்டி என்னால ஒண்டும் செய்ய ஏலாது மகள்" என்றார்.

அப்பா ஐந்து தடவை கந்தோருக்குப் போனார். ஐந்து தடவையும் வேறு வேறு காரணம். ஒரு பத்திரம் குறைவு, அது இந்த அறை இல்லை, ஐயா கூட்டத்துக்குப் போய்விட்டார், நாளைக்கு வாங்கோ. அங்கே ஒருவரும் எங்களை ஏசியதில்லை, விரட்டியதில்லை. ஆனால் என்னென்ன வேண்டும், எந்த ஒழுங்கில் வேண்டும் என்று முழுவதையும் ஒரே தடவையில் சொல்லவும் அங்கே ஆள் இல்லை. அது ஒருவருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

ஆறாம் தடவை நீங்களும் வந்தீர்கள். யன்னலுக்கு முன்னால் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்தபடி நின்றார். முகாமில் பெயர் கூப்பிடும்போது அப்படித்தான் எல்லோரும் நிற்பார்கள். எனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் முகம் மாறியது.

"கையை எடுக்கச் சொல்லு" என்றீர்கள் என்னிடம். பிறகு யன்னலுக்குள் குனிந்து, சுவரோரம் கிடந்த நீள மர இருக்கையைக் காட்டி, "தங்கச்சி, நான் இந்த வாங்கில இருக்கிறன். நீங்க உங்கட வேலையைப் பாருங்கோ. முடிஞ்ச பிறகு எங்களுக்கு என்ன வேணும் எண்டு முழுக்கச் சொல்லுங்கோ. நான் எழுந்து போகமாட்டன்" என்றீர்கள்.

போகவும் இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அந்த மாதம் முழுவதும் வாரத்தில் இரண்டு நாள் அந்த வாங்கில் இருந்தீர்கள். கருவாட்டு மணத்தோடு நீங்கள் இருக்க, யார் வந்து பக்கத்தில் குந்தினாலும் "எங்கயிருந்து? என்னத்துக்கு வந்தனீங்க?" என்று கேட்டீர்கள். கேட்டதை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டீர்கள். முதலில் கிராம சேவகரின் கடிதம், பிறகு மாதா கோவில் ஞானஸ்நானப் பதிவு, பிறகு சத்தியக் கடதாசி, அது சமாதான நீதவானின் ஒப்பத்தோடு. எழுத்துத் தெரியாத நீங்கள் அந்த ஒழுங்கை மந்திரம் மாதிரிப் பாடமாக்கினீர்கள். நறுவிலிக்குளத்தில் வயல் செய்கிற ஒரு கமக்காரர் வெறுங்கையோடு திரும்பப் போனபோது அவரை மறித்து, "ரெண்டு கடதாசி குறையுது. அதைக் கொண்டு திங்கக்கிழமை வாங்கோ. புதன் வந்தா அந்த ஐயா இருக்க மாட்டார்" என்று நீங்கள் சொன்னதை நான் பார்த்தேன். திங்கட்கிழமை அவர் வந்தார். வேலை முடிந்தது. போகும்போது ஒரு பூசணிக்காயை உங்கள் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு சனம் யன்னலுக்குப் போகமுன் உங்களிடம் வரத் தொடங்கியது. யன்னலுக்குள் இருந்த பிள்ளையே "அந்த அம்மாட்ட ஒருக்கா கேட்டுட்டு வாங்கோ" என்று அனுப்பினாள். அவளுக்கும் அது உதவிதானே?

அப்பாவின் பிறப்பைப் புதிதாகப் பதிய, அவரைச் சிறுவயதிலிருந்து அறிந்த மூத்தவர் ஒருவர் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார்கள். நீங்கள்தான் இருந்தீர்கள். பொறுப்பான உத்தியோகத்தர் கண்ணாடி போட்ட, மெதுவாகக் கதைக்கிற மனிதர். அப்பாவும் நானும் உங்களுக்குப் பின்னால் நின்றோம்.

"இவர் உங்கட தம்பிதான் எண்டதுக்கு என்ன ஆதாரம் அம்மா?"

"இவன் பிறக்கேக்க தண்ணி சுட வச்சது நான். அம்மா செத்த பிறகு சோறு தீத்தினதும் நான். வேற என்ன ஆதாரம் வேணும்?"

அவர் சிரித்துவிட்டு எழுதினார். "இந்தியாவுக்கு எப்ப போனவர்?"

நீங்கள் மாதத்தையும் கிழமையையும் சொன்னீர்கள். அவர் நிமிர்ந்தார். "இவ்வளவு சரியாச் சொல்லுறீங்க. உங்களிட்டச் சொல்லிட்டோ போனவர்?"

"சொல்லேல்ல."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

நீங்கள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினீர்கள்.

"பாத்தனான். மம்மல் பொழுது, இருட்டப் போற நேரம். நான் கரையில கருவாடு அள்ளிக்கொண்டு நிண்டனான். இவனும் பொஞ்சாதியும் ஒரு பையோட வந்தவை. படகு நிண்டது. இவன் ஏறாம என்ட வீட்டுப் பக்கம் பாத்துக்கொண்டே நிண்டவன். நான் கவுத்துப் போட்ட வள்ளத்துக்குப் பின்னால குந்தி இருந்திட்டன். கூப்பிட்டிருந்தாத் திரும்பி வந்திருப்பான். வந்திருந்தா அந்த நாளையில என்ன நடந்திருக்குமோ தெரியாது. என்ட புருசனைச் சண்டை கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும்தானே. அதால வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்."

உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டார். அப்பாவை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் இருந்தும் அப்பா நின்றுகொண்டே வந்தார். நீங்கள் பக்கத்து இருக்கையில் இருந்த கூடையைத் தூக்கி மடியில் வைத்தீர்கள். "இரு" என்றீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு அவரைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் சொல் அது.

அவர் இருந்தார். கூடையை உங்கள் மடியிலிருந்து தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, "பாத்தனீ எண்டா என்னில ஏன் அக்கா இவ்வளவு கோவம்?" என்று கேட்டார்.

"போனதுக்குக் கோவமில்லை. போய்ச் சேந்திட்டன் எண்டு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். கடல்ல போன படகு சேந்துதோ இல்லையோ எண்டு நான் எத்தின வருசம் இருந்தனான் தெரியுமோ?"

"உனக்கு வாசிக்கத் தெரியாதே அக்கா."

"வாசிக்க ஆள் பிடிச்சிருப்பன் மடையா."

அப்பா ஒரு குழந்தை மாதிரி அழுதார். நீங்கள் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள், கை மட்டும் அவர் முதுகில் இருந்தது. அந்தப் பயணத்தைப் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் பேசியதில்லை. பேச என்ன இருந்தது?

அட்டை வந்தது, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஒன்பது நாள் முன்னால். பரீட்சை எழுதினேன், பிறகு உயர்தரம், யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகம். அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று அதே கந்தோருக்கு வேலைக்குப் போன முதல் நாள் நீங்கள் எனக்குச் சேலை கட்டிவிட்டீர்கள். "யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்தா சனம் எப்பிடித் தெரியுது எண்டு பின்னேரம் வந்து சொல்லு" என்றீர்கள்.

அன்ரன் படிக்கக் கனடாவுக்குப் போனதும் உங்கள் காலத்தில்தான். நாங்கள் எல்லோரும் அவன் தப்பிவிட்டான் என்று நினைத்தோம். முதல் மாதம் அவன் போனில் சிரித்துச் சிரித்துக் கதைத்தான். இரண்டாம் மாதம் கதை குறைந்தது. ஒருநாள் நீங்கள் போனை என் கையிலிருந்து பறித்து, "இண்டைக்கு என்ன சாப்பிட்டனீ? உண்மையைச் சொல்லு" என்று கேட்ட பிறகுதான் உடைந்தான். நிலத்துக்குக் கீழே ஒரு அறையில் ஆறு பேர். குளிருக்குச் சரியான சட்டை இல்லை. பாடப் பதிவில் ஏதோ பிழை, அதைத் திருத்தாவிட்டால் விசாவே சிக்கல். கல்லூரியில் யாரைக் கேட்டாலும் இணையத்தில் பார் என்கிறார்களாம். வந்து இறங்கிய அன்று ஒரு மணித்தியாலம் வரவேற்புக் கூட்டம் வைத்தார்களாம், அதோடு சரி. "அக்கா, நாங்க அங்க வந்த புதுசில கந்தோர்ல அப்பா நிண்ட மாதிரியே நானும் இங்க நிக்கிறன்" என்று என்னிடம் சொன்னான்.

அதை நான் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் யோசித்துவிட்டுக் கேட்டீர்கள்: "அங்கத்தக் கந்தோர்ல வாங்கு இல்லையோ?"

"இருக்கும் மாமி."

"அப்ப போய் இருக்கச் சொல்லு."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் போய் இருந்தான், மாமி. வெளிநாட்டு மாணவர்களுக்கான அறைக்கு முன்னால் மூன்று நாள் இருந்தான். மூன்றாம் நாள் ஒரு பெண் வெளியே வந்து என்ன என்று கேட்டாள். அவளும் வேறொரு நாட்டிலிருந்து வந்தவள்தானாம். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பழைய குளிர்ச் சட்டைகள் எங்கே கிடைக்கும், ஏமாற்றாத வீட்டுக்காரர் யார் என்றுகூடச் சொல்லி அனுப்பினாளாம். "ஒரு ஆள் அக்கா. என்னெண்டு கேக்க ஒரேயொரு ஆள்" என்றான். இப்போது அவனும் இன்னும் சில மாணவர்களும் சேர்ந்து, புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு முழு வருடமும் துணை வேண்டும் என்று கல்லூரியிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

இனி நான் சொல்லப் பயந்த விசயம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை நீங்கள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தீர்கள். அப்போது ஒரு தாயும் மகளும் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். தாய் பரமேஸ்வரி, மகள் சுகன்யா. இந்தியாவிலிருந்து வந்து எட்டு மாதமாக அடம்பனில் தாயின் அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். மகளுக்குப் பதினேழு வயது. குடியுரிமை விண்ணப்பத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நான் மத்தியானத்துக்கு முன் முடிக்க வேண்டிய வீட்டுத்திட்டப் பட்டியல் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். நிமிராமலே சொன்னேன்: "இது இந்தப் பகுதி இல்லை. நாளைக்கு வந்து விசாரியுங்கோ."

அவர்கள் போய்விட்டார்கள். நீங்கள் சாப்பாட்டை வைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் போனீர்கள். முழங்கால் வருத்தத்தோடு பஸ் நிலையம் வரை போயும் பிடிக்க முடியவில்லை என்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னீர்களாம். என்னிடம் இவ்வளவுதான் கேட்டீர்கள்:

"அந்தப் பிள்ளை கதைச்சது உனக்கு விளங்கேல்லையோ?"

"விளங்கினது மாமி. வேலை கூடிப்போச்சு."

"ஓம். அண்டைக்கு உன்ட அப்பாவுக்கு நாளைக்கு வா எண்டு சொன்னவைக்கும் வேலை கூடத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. உண்மை என்பதால் வந்த கோபம். அடுத்த நாள் அவர்கள் வந்தால் எல்லாவற்றையும் செய்து கொடுப்போம் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு நான் காத்திருக்கவும் இல்லை.

பிறகு நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். இருதயம் பலவீனம் என்றார்கள். கடைசிக் கிழமையில் இரண்டு தடவை கேட்டீர்கள்: "அந்த அடம்பன் பிள்ளை திரும்பி வந்ததோ?" முதல் தடவை நான் பேச்சை மாற்றினேன். இரண்டாம் தடவை, "வந்தது மாமி. எல்லாம் சரியாப் போச்சு. பரீட்சை எழுதப் போகுது" என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு "நல்லது" என்றீர்கள்.

அது பொய், மாமி. மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று சொன்னேனா, நான் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று சொன்னேனா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அடக்கத்துக்கு எங்களுக்குத் தெரியாத சனம் வந்தது. முசலிப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்த நாளில் காணிப் பத்திரத்துக்கு உங்களிடம்தான் வழி கேட்டார்களாம். அந்த நறுவிலிக்குளத்துக் கமக்காரர் தன் மகனின் மோட்டார் சைக்கிளில் வந்து, மாதா கோவிலுக்குள் எப்படி வருவதென்று தெரியாமல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார். ஒவ்வொருவரும் என்னிடம் ஒரே விசயத்தைத்தான் சொன்னார்கள்: எந்தக் கடதாசி கொண்டு போக வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்களாம். கேட்கக் கேட்க என் முகம் எரிந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த சனிக்கிழமை நான் அடம்பனுக்குப் பஸ் ஏறினேன். சந்தையில் விசாரித்தேன். ஒரு தையல் கடையைக் காட்டினார்கள். சுகன்யா உள்ளே மெசினில் இருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் அவள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. இப்போது பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்தைக் கேட்டேன். "அட்டை இல்லாம எதுக்குன்னு நின்னுட்டேன் அக்கா" என்றாள், சாதாரணமாக.

தாயை வீட்டில் கண்டேன். அன்றைக்கு அவர்களைத் திருப்பி அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"நீங்களாம்மா? எனக்கு ஞாபகம் இல்லையே. எத்தனையோ பேர் அப்படித்தான் சொன்னாங்க" என்றார். பிறகு தேத்தண்ணீர் போடப் போனார்.

அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் கந்தோருக்கு மனு எழுதினேன். உங்களுக்கு விளங்குகிற மாதிரியே எழுதினேன். என்னென்ன வேண்டும் என்று தமிழில் ஒரு தாள், ஒரே தடவையில். அதை விளங்கப்படுத்த ஒரு ஆள். பிள்ளையை முதலில் பள்ளிக்கூடத்தில் சேருங்கள், பத்திரத்தைப் பிறகு கேளுங்கள். வேறு பாடத்திட்டத்தில் படித்து வந்த பிள்ளைக்கு ஆறு மாதமாவது தனியாகச் சொல்லிக் கொடுங்கள். சனம் கொழும்புக்கு மூன்று நாலு தடவை அலையாமல் விண்ணப்பங்களை இங்கேயே எடுத்து அனுப்புங்கள்.

மனுவைப் பற்றிய கந்தோர்க் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "ஒரு பகுதிக்கு மேசை போட்டா நாளைக்கு எல்லாரும் மேசை கேப்பினம். இவை எங்கட சனம்தானே, இவைக்கு ஏன் தனி உதவி?"

எழுந்து நின்று அன்ரனைப் பற்றிச் சொன்னேன். "ஐயா, எங்கட பிள்ளையள் இண்டைக்குக் கனடாவில, லண்டன்ல, அவுஸ்திரேலியாவில யன்னலுக்கு முன்னால நிக்குதுகள். அங்க இருக்கிறவை எங்கட பிள்ளையைப் பாத்து என்னெண்டு கேக்க வேணும் எண்டு நாங்க நேந்துகொள்ளுறம், மடு மாதா கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திறம். இங்க வந்து நிக்கிற பிள்ளையை நாங்க கேக்க வேண்டாமோ?" என்றேன். பிறகு அடம்பனில் தைத்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளையைப் பற்றியும், அவளைத் திருப்பி அனுப்பிய உத்தியோகத்தர் யார் என்பதையும் சொன்னேன். கேள்வி கேட்டவர் என் மனுவை வாங்கிப் பார்த்தார். பிரதேச செயலாளர் அம்மா, "ஆறு மாதம் பாப்பம்" என்றார்.

கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. மேசையும் தாளும் கிடைத்தன. தனி வகுப்புக்கு ஆசிரியர் இல்லை என்கிறார்கள். என் பழைய அதிபர், இப்போது ஓய்வில் இருக்கிறவர், கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் சனிக்கிழமை நாலு பிள்ளைகள் வந்தார்கள். அன்ரன் இங்கிலீசுப் பாடம் எடுக்கிறேன் என்று போனில் குதிக்கிறான்.

வருகிற செவ்வாய்க்கிழமை பரமேஸ்வரி அக்காவையும் சுகன்யாவையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போகிறேன். அவர்களுடைய பத்திரக் கோவை முழுதாக இருக்கிறது, நானே நாலு தடவை சரிபார்த்தேன். அங்கே ஒரு நாளில் முடியாது என்பதும் தெரியும். லீவு எடுத்திருக்கிறேன். அப்பா எங்களுக்கு வழிச்சாப்பாடு கட்ட மீன் பொரிக்கிறேன் என்கிறார். அம்மா வேண்டாம், பஸ்ஸில் நாறும் என்கிறார். நீங்கள் இருந்தால் யார் பக்கம்?

மாமி, இந்த வருடம் சுகன்யா தனியாள் பரீட்சார்த்தியாக எழுதுகிறாள் என்றால், எழுதி வெளியே வருகிற அன்றைக்கே உங்கள் கல்லறைக்கு வந்து சொல்வேன். அட்டை நேரத்துக்கு வராமல் எழுத முடியாமல் போனாலும் வந்து அதையும் அப்படியே சொல்வேன். அடுத்த வருடத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். உங்களுக்கு நான் சொன்ன பொய் அந்த ஒன்றாகவே இருக்கட்டும்.

உங்கள் தம்பி அந்தோனியின் மகள்,
உங்கள் மருமகள்
ஸ்டெல்லா
பேசாலை